பெட்டிக்கடையிலிருந்து கைப்பேசி வரை: பொருளின் பெயர் நம்ம வீட்டுக்கு வந்த வரலாறு



இந்த மலரில் சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு பற்றி மற்ற சகோதரிகள் நல்லபடியாக எழுதுவார்கள். நான் வேறு ஒன்றை எழுத நினைக்கிறேன். நாம் கடன் வாங்கி, அடுப்பில் நின்னு ஒரு பொருள் செய்கிறோம். அந்தப் பொருளின் பெயர் வாங்குகிறவர் காதுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? பெரிய கம்பெனிகள் இதை எப்படிச் செய்தார்கள்? இப்போ கைப்பேசி வந்த பிறகு என்ன மாறியிருக்கிறது? இது தெரியாவிட்டால் நாம் செய்கிற பொருள் திண்ணையிலேயே கிடக்கும், வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயர் இல்லாத காலம்

நம்ம பாட்டிமார் காலத்தில் பொருளுக்குப் பெயர் கிடையாது, ஆளுக்குத்தான் பெயர். எண்ணெய் என்றால் செக்கு வைத்திருப்பவர் வீட்டு எண்ணெய். பானை என்றால் இன்ன ஊர்க் குயவர் செய்த பானை. பல் விளக்க வேப்பங்குச்சி அல்லது அடுப்புக்கரி, தலைக்குச் சீயக்காய். உப்பு மரக்காணம் பக்கத்திலிருந்து வரும். செஞ்சியில் வெள்ளிக்கிழமை சந்தை கூடும். அங்கே போய்த் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்கள். சரக்கு மோசம் என்றால் அடுத்த வாரம் அதே ஆளை அதே இடத்தில் பிடித்துக் கேட்கலாம். விற்றவர் முகம்தான் அந்தப் பொருளுக்கு உத்தரவாதம்.

மல்லாட்டை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். அங்கே கண்டுபிடித்த நிலக்கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர் வைத்து, பக்கத்தில் ஒரு எண் போடுவார்கள். அந்த டி.எம்.வி. என்பது திண்டிவனம்தான். டி.எம்.வி. 2 என்ற ரகம் ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் போய் விதைக்கப்பட்டது. ரேடியோ விளம்பரமோ போஸ்டரோ இல்லாமல், ஒரு விவசாயி இன்னொரு விவசாயியிடம் சொல்லிச் சொல்லியே நம்ம ஊர்ப் பெயர் அத்தனை தூரம் போனது. சரக்கு நன்றாக இருந்து அதற்கு ஒரு பெயரும் இருந்தால், வாய்வார்த்தையே அதைக் கொண்டு போய்ச் சேர்க்கும்.

சுவரும் ரேடியோவும்

பிறகு கம்பெனிப் பொருள்கள் வந்தன. பெட்டிக்கடையில் தகரப் பலகை மாட்டினார்கள். பஸ் போகிற ரோட்டோரம் இருக்கிற வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்பு அடித்து, சோப்பு, பல்பொடி, பீடி, சிமெண்ட் என்று எழுதினார்கள். சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் திருச்சி போகிற நெடுஞ்சாலை நம்ம மாவட்டத்துக்குள்ளே போவதால், அந்த ரோட்டில் வெறும் சுவர் கிடைப்பதே அரிது. சுவர்க்காரருக்கு இலவசமாக வெள்ளையடித்துத் தருவார்கள். அதுதான் அவருக்குக் கூலி.

ரேடியோவில் இலங்கை வானொலி தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்ம அம்மாமார். கோபால் பல்பொடி விளம்பரத்தை இன்னும் அப்படியே சொல்லிக் காட்டுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். நம்ம நாட்டில் 1967-ல் விவித்பாரதியில் வர்த்தக விளம்பரம் ஆரம்பித்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் ஒரு பொருளின் பெயர் மனப்பாடம் ஆனது ரேடியோவால்தான். சுவரில் எழுதியது படித்தவருக்கு மட்டும். ரேடியோ எல்லோருக்கும்.

ஆனால் பெயர் தெரிந்தால் போதுமா? வாங்கக் காசு வேண்டாமா? நாள் கூலிக்கு நாற்று நடப் போகிறவள் ஒரு பாட்டில் ஷாம்பு வாங்க முடியுமா?

கடலூரிலிருந்து வந்த சின்ன பாக்கெட்

இந்தக் கேள்விக்குப் பதில் நம்ம பக்கத்திலேயே, கடலூரில் பிறந்தது. அப்போ விழுப்புரம், திண்டிவனம், கடலூர் எல்லாம் சேர்ந்து ஒரே தென்னாற்காடு மாவட்டம். 1993 செப்டம்பர் 30-ஆம் தேதிதான் பிரிந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பவர், பணக்காரர் வாங்குகிற பொருளைக் கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்கும்படி சின்ன பாக்கெட்டில் போட்டு விற்க வேண்டும் என்று நினைத்தார். அவர் இறந்த பிறகு பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் தனியாகப் பிரிந்து, 1983-ல் 15,000 ரூபாய் முதலில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அப்பா பெயரின் எழுத்துகளைச் சுருக்கி ‘சிக்’ என்று ஷாம்புவுக்குப் பெயர் வைத்தார். அந்தக் கம்பெனிதான் பிறகு கெவின்கேர் ஆனது.

அவர்கள் கிராமத்துக்குள் எப்படி வந்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். ஷாம்பு என்றால் என்னவென்றே தெரியாத ஊர்களில், ஒரு பையனை உட்கார வைத்து எல்லோர் முன்னாலும் தலைக்குப் போட்டுக் குளிப்பாட்டினார்கள். சுற்றி நிற்பவர்களைக் கூப்பிட்டு, முடியைத் தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க என்றார்கள். ரஜினி படம் போட்டு, நடுவில் தங்கள் விளம்பரத்தைக் காட்டி, படம் முடிந்ததும் பாக்கெட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, 5 காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் மட்டும்தான் என்று மாற்றிவிட்டார்கள். அதற்குள் ஜனங்களுக்கு அது பழகிப் போயிருந்தது. மல்லிகை வாசனை, ரோஜா வாசனை என்று நம்ம பெண்களுக்குப் பிடித்த வாசனையாகப் பார்த்துப் போட்டார்கள்.

இதைக் கவனித்துப் பாருங்கள் சகோதரிகளே. சந்தையில் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து வாங்குகிற நம்ம பழக்கத்தை அவர்கள் மாற்றவில்லை. அந்தப் பழக்கத்துக்கு ஏற்றபடி தாங்கள் மாறிக்கொண்டார்கள். கையில் இருக்கிற சில்லறைக்கு ஏற்றபடி அளவை மாற்றினார்கள். பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிற பாக்கெட்டைப் பார்க்கும்போதெல்லாம், நம்ம மண்ணில் பிறந்த யோசனை இது என்று நினைத்துக்கொள்ளலாம். காலிப் பாக்கெட் எல்லாம் ஏரியிலும் வாய்க்காலிலும் போய் அடைத்துக்கொண்டதும் இதோடு சேர்ந்த வரலாறுதான். அதையும் மறைக்கக்கூடாது.

டிவி வந்தது

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ஆனால் நம்ம கிராமங்களில் ஊராட்சி டிவி முன்னால் கூட்டமாக உட்கார்ந்து ஒளியும் ஒலியும் பார்த்ததெல்லாம் பிறகுதான். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது, கேபிள் வந்தது. 2006-ல் தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. அதன்பிறகு குடிசை வீட்டுக்குள்ளும் விளம்பரம் நுழைந்துவிட்டது. சாயங்காலம் சீரியல் நேரம் பார்த்து சோப்பு, மசாலா, துணித்தூள், நகைக்கடை விளம்பரம் போட்டார்கள். சமையலறைச் செலவை முடிவு செய்பவள் பெண் என்பது கம்பெனிக்குத் தெரியும்.

டிவி விளம்பரத்தில் இரண்டு குணம் உண்டு. ஒன்று, எல்லோருக்கும் ஒரே விளம்பரம்தான். விழுப்புரத்தில் பார்ப்பதும் மதுரையில் பார்ப்பதும் ஒன்றுதான். இரண்டு, அது பேசும், நாம் கேட்க வேண்டும். திருப்பிப் பேச வழியில்லை. இன்னொன்றும் உண்டு. அதில் விளம்பரம் கொடுக்கப் பெரிய பணம் வேண்டும். நம்ம மாதிரி சுய உதவிக் குழு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

கம்பெனி குழுவைத் தேடி வந்த கதை

நம்ம இயக்கத்தின் வரலாறும் இங்கேதான் வந்து சேருகிறது. தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989-ல் தருமபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு ஆரம்பித்தன. அடுத்து 1991-92-ல் சேலத்துக்கும் நம்ம தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தன. மாநிலத்திலேயே முதலில் குழு அமைத்த மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று என்பது பெருமைதானே! 1997-98-ல் மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுவதும் விரிந்தது.

குழுக்கள் பெருகியதைப் பெரிய கம்பெனிகளும் பார்த்தன. 2000-ஆம் ஆண்டு வாக்கில் இந்துஸ்தான் லீவர் கம்பெனி, ஆந்திராவின் நல்கொண்டா மாவட்டத்தில் ‘சக்தி’ என்ற திட்டத்தை ஆரம்பித்தது. குழுவில் உள்ள ஒரு பெண் கடன் வாங்கி, அந்தக் கம்பெனியின் சோப்பு, ஷாம்பு, துணித்தூளை மொத்தமாக எடுத்து, தன் ஊரில் வீடு வீடாக விற்பாள். அவளுக்குச் சக்தி அம்மா என்று பெயர். வேன் போகாத ஊருக்குள்ளும் இந்த அம்மாவால் போக முடிந்தது. ஏனென்றால் அவள் அந்த ஊர்ப் பெண். அவள் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரி நம்புவாள். பிறகு இது பல மாநிலங்களுக்குப் பரவியது.

அதில் பெண்களுக்கு வருமானம் கிடைத்தது உண்மை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். அந்தப் பெண் கொடுத்தது தன் வாக்கையும், பல வருஷமாகச் சேர்த்த நல்ல பெயரையும். வளர்ந்தது கம்பெனியின் பெயர். நாளைக்கு அவள் விற்பதை நிறுத்தினாலும், ஊர் அந்த சோப்பைத்தான் கேட்கும், அவளைக் கேட்காது.

பட்டன் போன் காலம்

இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31-ல் நடந்தது. அப்போ பேசுவதற்கும் காசு, வருகிற அழைப்பை எடுப்பதற்கும் காசு. 2003-ல் வருகிற அழைப்பு இலவசம் ஆன பிறகுதான் கழனியில் வேலை செய்கிறவர் கைக்கும் போன் வந்தது. ரீசார்ஜும் ஷாம்பு மாதிரியே 10 ரூபாய்க்குக் கிடைத்தது. கடலூர்ப் பாக்கெட்டின் யோசனை போனுக்குள்ளும் புகுந்துவிட்டது என்று சொல்லலாம்.

காசில்லாத நேரத்தில் மிஸ்டு கால் கொடுத்துக் கூப்பிட வைப்பது நம்ம ஜனங்களின் பழக்கம். கம்பெனிகள் இதையும் விடவில்லை. பீகாரில் மின்சாரமும் டிவியும் சரியாக இல்லாத ஊர்களில், ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கம்பெனியே திருப்பிக் கூப்பிட்டுப் பாட்டும் சிரிப்பும் கேட்க வைக்கும், நடுவில் தங்கள் விளம்பரத்தைப் போடும். 2013 வாக்கில் லீவர் கம்பெனிதான் இதையும் செய்தது. மிஸ்டு கால் கொடுத்த ஒவ்வொருவர் நம்பரும் கம்பெனியிடம் சேர்ந்தது. முன்பெல்லாம் கம்பெனிக்கு ஊர் மட்டும் தெரியும். இப்போ ஆளே தெரிந்துவிட்டது.

கூடவே தொல்லையும் வந்தது. சமைக்கும்போதும் குளிக்கும்போதும் லோன் வேணுமா, பிளாட் வேணுமா என்று அழைப்பு. இதை நிறுத்த 1909 என்ற எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம். நம்மில் பல பேருக்கு இது தெரியாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

டச் போன் வந்த பிறகு

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்து, சில மாதம் நெட் இலவசம் என்றார்கள். அதிலிருந்து நம்ம ஊரில் வீடியோ பார்க்காத வீடு கிடையாது. அதே வருஷம் யு.பி.ஐ. வந்தது. பெட்டிக்கடையில் கட்டம் போட்ட அட்டை தொங்க ஆரம்பித்தது. 2018-ல் வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி வந்தது. டிக்டாக்கில் நம்ம ஊர்ப் பெண்களும் ஆடிப்பாடினார்கள். 2020 ஜூன் கடைசியில் அதை அரசு தடை செய்ததும் எல்லோரும் யூடியூப், இன்ஸ்டாகிராம் பக்கம் போனார்கள்.

இதில் விளம்பரம் எப்படி வேலை செய்கிறது? டிவி மாதிரி எல்லோருக்கும் ஒன்று இல்லை. ஒரே வீட்டில் மாமியார் போனில் முழங்கால் வலி எண்ணெய் வருகிறது, மருமகள் போனில் குழந்தைக்கு டயப்பர் வருகிறது, பையன் போனில் ஷூ வருகிறது. நாம் எதைத் தேடினோம், எந்த வீடியோவை எத்தனை நேரம் பார்த்தோம், எந்த ஊரில் இருக்கிறோம் என்பதையெல்லாம் அந்தச் செயலிகள் குறித்து வைத்துக்கொள்கின்றன. விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் இந்த வயதுப் பெண்களுக்கு மட்டும் காட்டு என்று கம்பெனி பணம் கட்டலாம். செயலி நமக்கு இலவசம் என்று நினைக்கிறோம். நம்ம நேரமும் நம்ம விவரமும்தான் அதற்கு விலை.

இன்னொரு மாற்றம், விளம்பரம் விளம்பரம் மாதிரியே வராது. ஒரு அக்கா சமையல் செய்து காட்டுவார்கள், நடுவில் ஒரு மசாலா பாக்கெட்டை எடுத்து, நான் இதைத்தான் போடுவேன் என்பார்கள். நமக்கு அது பக்கத்து வீட்டுக்காரி சொன்ன மாதிரி இருக்கும். காசு வாங்கிக்கொண்டு சொன்னால் அது விளம்பரம் என்று தெரியும்படி போட வேண்டும் என்று 2021-ல் விளம்பரத் தர அமைப்பு விதி கொண்டுவந்தது. பிறகு மத்திய அரசும் வழிமுறை வெளியிட்டது. போடுகிறவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. பார்ப்பவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

2015-ல் பெங்களூரில் தொடங்கிய மீஷோ மாதிரி கம்பெனிகள் வந்த பிறகு, வீட்டிலிருக்கும் பெண்கள் புடவைப் படங்களை வாட்ஸ்அப்பில் உறவுக்காரர்களுக்கு அனுப்பி ஆர்டர் பிடித்தார்கள். சக்தி அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், இவர்கள் விரலால் நடந்தார்கள். ஆனால் இரண்டிலும் விற்பனைக்கு முதல் ஒன்றுதான்: பெண்ணின் வார்த்தை மேல் பெண்ணுக்கு இருக்கும் நம்பிக்கை.

தர்பூசணி சொன்ன பாடம்

போனால் பெயர் வளரும், அழியவும் செய்யும். 2025 கோடையை நாம் மறக்க முடியாது. திண்டிவனம், மரக்காணம் பக்கம் தர்பூசணி போட்ட விவசாயிகள் அறுவடைக்கு நின்ற நேரம். நிறம் வர ஊசி போடுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வாங்குகிற ஜனம் பயந்துவிட்டது. விலை விழுந்தது. காய் கழனியிலேயே கிடந்தது. பிறகு தர்பூசணி சாப்பிடலாம், பயம் வேண்டாம் என்று விளக்கம் வந்தது. ஆனால் முதல் வீடியோ போன வேகத்தில் விளக்கம் போகவில்லை. தர்பூசணிக்கு ஒரு கோடைதான். அது போனால் போனதுதான்.

இதே மாதிரி ஒரு பெரிய கம்பெனிப் பொருளுக்கு நடந்தால் என்ன ஆகும்? அடுத்த நாளே வக்கீல் நோட்டீஸ், பரிசோதனைச் சான்று, டிவியில் மறுப்பு எல்லாம் வரும். நம்ம கழனிக் காய்க்குப் பெயரும் இல்லை, அதற்காகப் பேச ஆளும் இல்லை. எல்லாக் காயும் ஒன்றாகச் சேர்ந்து கெட்ட பெயர் வாங்கியது. ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு போன் நம்பர் இருந்து, வந்து பாருங்க, எங்க கழனியிலேயே அறுத்துச் சாப்பிடுங்க என்று அன்றைக்கே வீடியோ போட்டிருந்தால் கொஞ்சமாவது தாங்கியிருக்கும்.

நம்ம பொருளுக்கு வருவோம்

அரசு நமக்காக ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மாவட்டத் தலைநகரங்களில் பூமாலை வணிக வளாகம் வந்தது, கல்லூரிச் சந்தை, கண்காட்சி எல்லாம் நடக்கிறது. குழுப் பொருள்களுக்கு ‘மதி’ என்று ஒரு பெயரும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கண்காட்சி முடிந்து டேபிளை மடித்த பிறகு, வாங்கியவர் மறுபடி நம்மை எப்படித் தேடுவார்?

எங்க குழுவில் மல்லாட்டை உருண்டையும் செக்கு எண்ணெயும் செய்கிறோம். சென்னையில் இருக்கிற உறவுக்காரர் மூலம் ஒரு அம்மா வாங்கிச் சாப்பிட்டு, ரொம்ப நல்லா இருக்கு, இது என்ன கம்பெனி என்று கேட்டார்களாம். வெறும் பாலித்தீன் கவரில் பெயரே இல்லாமல் போன பொருளுக்கு என்ன கம்பெனி சொல்வது? அடுத்த தடவை அந்த அம்மா பக்கத்துக் கடையில் கிடைத்த வேறு ஒன்றை வாங்கிவிட்டார்கள். ருசி நம்முடையது, வாடிக்கையாளர் வேறொருவருக்குப் போனார்.

இன்னொரு தடையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம்ம குழுக்களில் பாதிப் பேருக்கு மேல் சொந்தமாக டச் போன் இல்லை. வீட்டுக்கு ஒரு போன், அது கணவர் கையில் அல்லது பிள்ளை கையில். போன் வைத்திருக்கும் பெண்ணையும், எந்நேரமும் போனா என்று கேட்கிறார்கள். ஆர்டர் வந்ததை ராத்திரிதான் பார்க்க முடிந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? தையல் மெஷின் வாங்கக் கடன் கொடுக்கிறோம், மாடு வாங்கக் கடன் கொடுக்கிறோம். இந்தக் காலத்தில் போனும் ஒரு தொழில் கருவிதான். அதற்கும் உள்கடன் கொடுக்க வேண்டும், பெண் பெயரிலேயே சிம் வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

கூட்டமைப்பு முன்னால் வைக்கும் யோசனைகள்

1. ஒவ்வொரு குழுவும் தனித்தனிப் பெயர் வைக்காமல், நம்ம கூட்டமைப்புக்கு ஒரே பெயர், ஒரே முத்திரை வைக்கலாம். எந்தக் குழு செய்தது என்பதை அடியில் சின்னதாகப் போடலாம்.

2. கவரில் எடை, விலை, செய்த தேதி, எத்தனை நாள் இருக்கும், முகவரி, போன் நம்பர் கட்டாயம் இருக்க வேண்டும். தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணும் வேண்டும். ஒரு கெட்ட கவர் போனால் எல்லாக் குழுப் பெயரும் கெடும். அதனால் தரம் பார்க்க இரண்டு பேரை அமர்த்த வேண்டும்.

3. வாட்ஸ்அப் பிசினஸில் கூட்டமைப்புக்கு ஒரே நம்பர். பொருள் படம், விலை எல்லாம் அதிலேயே போடலாம், தனியாகக் காசு கிடையாது. படித்த மருமகள்கள், பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நம்பர் தனி ஆள் பெயரில் இல்லாமல் கூட்டமைப்பின் சொத்தாக இருக்க வேண்டும். பொறுப்பாளர் மாறினாலும் நம்பர் மாறக்கூடாது.

4. வீடியோ எடுப்பதென்றால் மல்லாட்டை வறுக்கிறதை, செக்கு ஓடுகிறதை அப்படியே எடுங்கள். நமக்கு நடிகை தேவையில்லை. சந்தையில் தொட்டுப் பார்த்து வாங்கியவர்களுக்கு, இப்போ கண்ணால் பார்க்க அதுதான் வழி. ஆனால் முகம் காட்ட விருப்பமில்லாத சகோதரியைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கை மட்டும் தெரிந்தாலும் போதும்.

5. பணம் வாங்குவதற்கு நாம் ரகசிய எண் போட வேண்டிய அவசியமே இல்லை. மொத்த ஆர்டர் தருகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணி நம்பர் போடுங்க என்று யார் சொன்னாலும் அது ஏமாற்று வேலை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

6. உள்ளூர்ச் சந்தையையும் பெட்டிக்கடையையும் விட்டுவிடக் கூடாது. நெட் இல்லாத நாளிலும் அடுப்பு எரிய வேண்டும்.

முடிவாக ஒன்று. சுவர், ரேடியோ, டிவி, கைப்பேசி என்று வழி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இனியும் மாறும். ஆனால் எல்லாக் காலத்திலும் கம்பெனிகள் நம்ம வாசலுக்கு வந்தது, நாம் ஒருத்தர் மேல் ஒருத்தர் வைத்திருக்கும் நம்பிக்கையைத் தேடித்தான். அந்த நம்பிக்கையை முப்பது வருஷமாக வாரா வாரம் கூட்டம் போட்டு, சந்தா கட்டி வளர்த்தவர்கள் நாம். இத்தனை நாள் அதை மற்றவர் பொருளுக்குக் கடன் கொடுத்தோம். இனி நம்ம பொருளுக்கே அதை முதலாகப் போடுவோம். அடுத்த பொதுக்குழுவில் முதல் யோசனையை, அதாவது ஒரே பெயர் வைப்பதை, தீர்மானமாகக் கொண்டுவரும்படி சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். என்ன பெயர் வைக்கலாம் என்று இப்போதிருந்தே யோசித்துக்கொண்டு வாருங்கள்.